போலீஸ் நாய்க் குட்டியை வீட்டுக் காவலுக்கு வாங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் செட்டிநாட்டுப் பக்கம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்கு நாய் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது உள் முற்றத்துக்குள் போனால், போலீஸ் வேலைக்கு வைக்கிற பெல்ஜியன் மாலினாய் இனத்து 10 மாத நாய் ஒன்று ஆத்தங்குடிக் கல் தரையில் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நகம் வழுக்குகிற சத்தம் நிற்கவே இல்லை. தேக்குக் கதவின் அடிப்பகுதி ஒரு சாண் உயரத்துக்குக் கடிபட்டிருந்தது. "நல்ல சுறுசுறுப்புண்ணே" என்றார் வாட்ச்மேன். எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் 14 வருடத்துக்கு முன்னால் நானும் இப்படி ஒன்றைத்தான் வீட்டுக் காவலுக்கு வாங்கினேன்.

தடுப்பூசி, சாப்பாடு பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

போலீஸ் நாய் என்றால் நல்ல காவல் நாய் என்று நம்புவது

வேலை நாய்க்குக் குட்டி தேர்ந்தெடுப்பவர்கள் பந்தை எறிந்து பார்ப்பார்கள். புதருக்குள் விழுந்து கண்ணுக்கு மறைந்த பிறகும் விடாமல் தேடுகிறதா, வாயில் கவ்வியதை விட மறுக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மோப்ப நாய்க்கு வெடிகுண்டு மேல் கோபம் கிடையாது. கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான். அந்த வெறியைத் தாங்க ஒரு ஹேண்ட்லர், அதாவது நாயைப் பழக்கி வேலை வாங்குகிற ஆள் வேண்டும், தினமும் ஓட்டமும் வேலையும் வேண்டும்.

வீட்டுக் காவலுக்கு வேண்டியது வேறு. முதலில் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். பகல் முழுக்கத் திண்ணையில் படுத்துக் கிடந்து, கேட் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கி, தெரியாத ஆள் என்றால் குரைத்து நிறுத்தி, நாம் "சரி" என்றதும் மறுபடி படுத்துக்கொள்ள வேண்டும். ராஜபாளையம், கோம்பை நாய்களுக்கு இடத்தின் மேல் உரிமையும் அந்நியர் மேல் சந்தேகமும் ரத்தத்திலேயே உண்டு.

எங்கள் பள்ளத்தூர் வீட்டில் வருடம் முழுக்க ஒரு வாட்ச்மேன்தான். "ஒரு மாலினாய் நாலு ஆளுக்குச் சமம்" என்று சொல்லி விற்றார் ஒருவர், நம்பி வாங்கிப் போட்டேன். 11 மாதம் ஒரே ஒரு முகத்தைப் பார்த்து வளர்ந்தது. அப்புறம் படைப்புக்கு, அதாவது முன்னோரைக் கும்பிட எல்லோரும் கூடுகிற விசேஷத்துக்கு, பங்காளிகள் 100 பேர் வந்து இறங்கினார்கள். பின்கட்டில் அடைத்துத்தான் வைத்திருந்தோம், யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். சித்தப்பா பேரன், 7 வயது, வளவு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தான். நாய் குரைக்கவில்லை, உறுமவும் இல்லை. நேராகப் போய் முன்கையைக் கவ்வியது. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அது கோபத்தில் கடிக்கவே இல்லை. ஓடுவதைப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த நாய், அதைத்தான் செய்தது. அந்தப் பையன் இன்றைக்கும் நாயைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறான். இன்னும் அதே பேச்சைப் பேசித்தான் ஊர் ஊராகக் குட்டி விற்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் எரிகிறது.

ஸ்லீவ் (கையில் மாட்டும் தடித்த உறை) கட்டிக் கடிக்கப் பழக்குவது

"விடு" என்றால் உடனே விடாத நாய்க்குக் கடி சொல்லிக்கொடுக்காதீர்கள்.

யாருக்கும் காட்டாமல் வளர்ப்பது

மறைத்து வளர்த்தால் மூர்க்கமாக வரும் என்பார்கள். பயந்தாங்கொள்ளியாகத்தான் வரும், பயத்தில் கடிக்கிற நாயைப் போல ஆபத்து வேறில்லை. 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதுதான் பிறகு அதற்குச் சாதாரணம். பால்காரர், பூக்காரம்மா, குடை, சைக்கிள், ஓடுகிற பிள்ளைகள், எல்லாவற்றையும் காட்டுங்கள். அந்நியர் மேல் சந்தேகம் ஒன்றரை, இரண்டு வயதில் தானாக வரும். 6 மாதக் குட்டி காவல் காக்கவில்லையே என்று அடிக்காதீர்கள்.

பகலில் சங்கிலி, ராத்திரியில் அவிழ்ப்பு

வேண்டாம்.

வெள்ளை ராஜபாளையத்தைச் சோதிக்காமல் வாங்குவது

சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பாருங்கள்.

கானாடுகாத்தான் நாயைத் தினமும் 2 வேளை வேலை வாங்கக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிடச் சொன்னேன், ஆளும் பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் சென்னையிலிருந்து போனில் "பார்க்கலாம்" என்றார். அவர்கள் வீட்டுப் படைப்புக்கு இன்னும் 3 மாதம்தான் இருக்கிறது.