கல்லடி ஈரக்காற்றில் முத்திரைக் கோவை: என் அனுபவம்

அப்பா விட்டுச்சென்ற தபால் முத்திரைகளை, 1972க்கு முந்திய ‘சிலோன்’ முத்திரைகள் உட்பட, ஒளிப்படங்களுக்கான மலிவான பிளாஸ்டிக் அல்பம் ஒன்றில் அடுக்கி, மட்டக்களப்பின் கல்லடியில் வாவிப் பக்கமிருந்த அறையின் அலுமாரியில் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். ஒரு மாரியின் முடிவில் திறந்தபோது சில முத்திரைகள் அல்பத்தின் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டியிருந்தன; பக்கங்களில் புது மழைச்சட்டையின் வாடை வீசியது.

அந்த வாடைதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. பீவீசீ (PVC) என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறையை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து மையையும் தாளையும் கெடுக்கும். ஈரமோ பின்புறப் பசையை இளக்கும். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தன. பாவித்த முத்திரைகளை உறைத்துண்டோடு வெட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு மீட்டேன். பாவிக்காதவற்றை நனைத்தால் பசை போய்விடும் என்பதால், அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். அந்த இழப்பு இன்றும் உறுத்துகிறது.

பிறகு அட்டையின் அழகைப் பாராமல், பீவீசீ கலவாத பொலிப்ரோபிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பக்கங்கள் கொண்ட கோவையைத் தேடினேன். வட்ட வளையத்தைவிட ஆங்கில ‘டீ’ எழுத்து வடிவ வளையமே நல்லது. பக்கங்கள் வளையாமல் ஒரே மட்டத்தில் கிடக்கும். முழுக்க நிரப்பாமல், புத்தகம் போல நிமிர்த்தி, வெளிச்சுவரைத் தொடாத தட்டில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்திருக்கிறேன். மாரி கழிந்ததும் வெயில் படாத இடத்தில் பக்கங்களை விரித்துக் காற்றாட விடுகிறேன்.