ஏலக்காய் படம் ஸ்டாக் ஏஜென்சில பாஸாகணும்னா

கம்பம், கூடலூர் பக்கம் கேமராவோ நல்ல போனோ வச்சிருக்க பசங்க நெறைய பேரு ஸ்டாக் போட்டோ (ஆன்லைன் ஏஜென்சில ஏத்தி வச்சு, வேணுங்கறவங்க காசு குடுத்து எடுத்துக்கற படம்) விக்கறது எப்படின்னு கேக்கறாங்க, அவங்க எடுத்ததைப் பாத்தா முக்காவாசி சூரிய உதயம், சுருளி அருவி, ரோஜாப்பூ. நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த மாதிரி படம் ஏஜென்சிககிட்ட ஏற்கனவே குமிஞ்சு கெடக்கு. வாங்கறவருக்கு மசாலா பாக்கெட் மேல போட ஒரு படம் வேணும், விவசாயக் கட்டுரைக்கு ஒரு படம் வேணும், அதுக்குத்தான் தேடி வர்றாரு. ஏலக்காய், மிளகு, பன்னீர் திராட்சை, விடியக்காலம் ஆளுகளை ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டு ஏறற ஜீப்பு, இதெல்லாம் நமக்கு எட்டற தூரத்துல இருக்கு, அதுல இருந்து ஆரம்பிங்க.

ஏலக்காய்லயே சொல்றேன், ஏன்னா நான் அதுலதான் அடிபட்டேன். காய் செடி உச்சியில இருக்காது, தூருல இருந்து சரம் கெளம்பி தரையோட கெடக்கும், மேல மரநிழல் வேற, பகல் 12 மணிக்கே இருட்டா இருக்கும். போனு தானா ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணர்ற அளவை, ஏத்திரும், ஸ்கிரீன்ல பளிச்சுன்னு தெரியும், கம்ப்யூட்டர்ல 100 சதவீதம் பெருசாக்கிப் பாத்தா காய் மேல மணல் தூவின மாதிரி நாய்ஸ். முதல்ல அனுப்பின 10 படத்துல 7 இப்படித்தான் திரும்பி வந்துச்சு. இப்ப ஒரு சின்னத் துணிப்பையில அரிசி கட்டிக் கொண்டு போறேன், தரையில போட்டு அது மேல கேமராவை அமுக்கி வச்சு, ஐஎஸ்ஓ 100லயே ரெண்டு செகண்ட் டைமர்ல எடுக்கறேன், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்ச்சு வச்சா காய்ல பச்சை நல்லா எடுத்துக் குடுக்கும், காத்து அடங்கற வரைக்கும் மட்டும் பொறுமையா உக்காந்திருக்கணும்.

சட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக்ங்கற ரெண்டு ஏஜென்சிக்கும் கொறஞ்சது 4 மெகாபிக்சல், ஜேபெக் பைல். அலமிங்கற இன்னொரு ஏஜென்சில, சுருக்கின பைலை விரிச்சா 17 எம்பி வரணும், அதாவது சுமார் 6 மெகாபிக்சல், அங்க ஒரு படம் பெயிலானா கூட அனுப்பின மொத்தக் கட்டும் திரும்பிரும், அதனால சந்தேகமான படத்தைச் சேக்காதீங்க. சின்னப் படத்தைச் சாப்ட்வேர்ல இழுத்துப் பெருசாக்காதீங்க, ஷார்ப்னஸை ஏத்தாதீங்க. ஒரே சரத்தை 30 கோணத்துல எடுத்து மொத்தத்தையும் ஏத்தினா ஒரே மாதிரி இருக்குன்னு தள்ளிருவாங்க, 3 போதும்.

அடுத்து பேரும் லோகோவும். உரச்சாக்குல கம்பெனி பேரு, மருந்தடிக்கற ஸ்பிரேயர்ல பிராண்டு, ஜீப் கண்ணாடில ஸ்டிக்கர், எதுவா இருந்தாலும் விளம்பரத்துக்குப் போற படத்துல தெரியக்கூடாது, எடுக்கும்போதே ஒதுக்கிட்டா பின்னாடி அழிக்கற வேலை மிச்சம். எடிட்டோரியல்ல, அதாவது செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும் போற படத்துல, அதெல்லாம் இருக்கலாம், ஆனா அங்க எதையும் அழிக்கவோ சேக்கவோ கூடாது. லோயர் கேம்ப்ல ஜனவரி 15 பென்னிகுவிக் பொறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கறாங்கல்ல, அது எடிட்டோரியல் படம், கேப்ஷன்ல முதல்ல ஊரு, நாடு, அப்புறம் தேதி, அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு ஒரு வரி, எல்லாம் இங்கிலீஷ்ல.

முகம் தெரியற படத்தை விளம்பரத்துக்கு விக்கணும்னா மாடல் ரிலீஸ், அதாவது படத்துல இருக்கறவங்க கையெழுத்துப் போட்ட சம்மதப் பாரம், கட்டாயம். ஆளுக்கு ஒரு பாரம், சாட்சி கையெழுத்தும் வேணும், 18 வயசு ஆகலைன்னா அப்பா அம்மா கையெழுத்துப் போடணும். காய் பறிக்கற அக்கா ஒருத்தங்க, "எதுக்குத் தம்பி கையெழுத்து, எந்த ஊருல போடுவாக?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லுங்க. எந்த நாட்டுலயும் எந்த விளம்பரத்துலயும் வரலாம், வித்த பிறகு திருப்பி வாங்க முடியாதுன்னு பாரத்தை வரிவரியா தமிழ்ல படிச்சுக் காட்டுங்க, அவங்க யோசிச்சு வேணாம்னா விட்ருங்க, கையை மட்டும் குளோசப்ல எடுங்க, அதுவும் நல்லாவே விக்கும். சம்மதிச்சாங்கன்னா அன்னைக்குக் கூலி கெட்ட நேரத்துக்குக் காசு குடுத்துருங்க. தோட்டம் மேல கேரளாவுல யாரோடதோ, ஓனர் சேட்டன்கிட்டயும் கேட்டுட்டுத்தான் உள்ள போகணும், அவர் பங்களா தெளிவாத் தெரிஞ்சா அதுக்கும் பிராப்பர்ட்டி ரிலீஸ்னு ஓனர்கிட்ட சம்மதப் பாரம் வாங்கணும்.

கீவேர்டுல, அதாவது வாங்கறவங்க தேடற சொல்லைப் படத்தோட சேத்துப் போடறதுல, சோம்பப்படாதீங்க, படம் கண்ணுல படறதே அதாலதான். வெறும் கிரேப்ஸ்னு போட்டா லட்சம் படத்துக்குள்ள போயிரும். நம்ம பன்னீர் திராட்சையோட ரகம் மஸ்கட் ஹாம்பர்க், 2023ல புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு, ரெண்டையும் கம்பம் பள்ளத்தாக்குங்கற பேரையும் சேத்துப் போடுங்க. அடோபில 49, சட்டர்ஸ்டாக்ல 50 வரைக்கும் போடலாம், ஆனா படத்துல இல்லாததைப் போட வேணாம். அடோபில வரிசை முக்கியம், சரியான சொல்லு முதல் பத்துக்குள்ள வரணும்.

காசு மெதுவாத்தான் வரும், இதை நம்பி வேலையை விட்டுறாதீங்க. வித்த காசுல நமக்கு அடோபில போட்டோவுக்கு 33 சதவீதம், சட்டர்ஸ்டாக்ல விக்கற எண்ணிக்கைக்கு ஏத்த லெவல்படி 15ல ஆரம்பிச்சு 40 வரைக்கும், சில டவுன்லோடுக்கு 10 சென்ட்டுதான் விழும், அந்த லெவலும் ஒவ்வொரு ஜனவரி 1க்கும் முதல்ல இருந்து தொடங்கும். கணக்கு ஆரம்பிச்ச அன்னைக்கே டபிள்யூ-8 பென்ங்கற அமெரிக்க வரிப் பாரத்தை பான் நம்பர் போட்டு நிரப்பிருங்க, இல்லைன்னா அமெரிக்காவுல வித்ததுக்கு 30 சதவீதம் வரி புடிப்பாங்க, நிரப்பினா இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி 15தான். பொங்கல் படத்தைப் பொங்கல் அன்னைக்கு ஏத்தினா அந்த வருஷம் ஓடாது, வாங்கறவங்க ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தேடுவாங்க, போன வருஷம் எடுத்ததை அக்டோபருக்குள்ள ஏத்தி வச்சிருங்க.