மந்திரம் தெரியாத தளபதியை விளையாடுவது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டிஎண்டி) போல, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக விளையாடும் ஆட்டங்களில், குழுவுக்குத் துணை நிற்கும் கதாபாத்திரம் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் கிளெரிக் (பூசாரி) அல்லது பார்ட் (பாணர்) பக்கம்தான் கை காட்டுவார்கள். இரண்டுமே மந்திரம் பயன்படுத்தும் கிளாஸ்கள், அதாவது கதாபாத்திர வகைகள். ஆனால் ஒரு வாள், உரத்த குரல், சுற்றி நடப்பதைக் கவனிக்கும் கண் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டும் ஒரு குழுவைத் தாங்கிப் பிடிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ரோல் இதுதான். முதல் முறை விளையாடுபவர்கள்கூடத் தயங்காமல் எடுக்கலாம்.

முதல் படி: கிளாஸைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வகைக்கு முகம் கொடுத்தது, 2008இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பின் வார்லார்ட். அதற்கு முன்பே, 2003இல் மார்ஷல் என்ற கிளாஸ் இருந்தது. இதே போன்ற இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் முதல் பதிப்பில் கேவலியர் இருக்கிறார். இரண்டாம் பதிப்புக்கு 2025இல் கமாண்டர் வந்துவிட்டார். 2014இல் வந்த டிஎண்டி ஐந்தாம் பதிப்பில் வார்லார்ட் இல்லை. ஆனால் அவருடைய வேலைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு தளபதியை உருவாக்குவோம். கீழே சொல்வதெல்லாம் 2014 விதிகளின்படி.

ஃபைட்டரை (போர்வீரர்) எடுங்கள். மூன்றாம் லெவலில் அதன் உட்பிரிவான பேட்டில் மாஸ்டர் ஆகுங்கள். அப்போது நான்கு டி8 (எட்டு முகப் பகடை) சுப்பீரியாரிட்டி பகடைகளும், அவற்றைச் செலவழித்துச் செய்யும் மூன்று மெனூவர்களும் (போர் உத்திகள்) கிடைக்கும். செலவழித்த பகடைகள் ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) எடுத்தால் திரும்பிவிடும். சண்டை போடவே பிடிக்காது என்றால், ரோக் (மறைந்து தாக்குபவர்) எடுத்து, அதன் உட்பிரிவான மாஸ்டர்மைண்ட் பக்கம் போகலாம். 30 அடி தூரத்திலிருந்தே, அதுவும் ஒரு முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில், கூட்டாளியின் தாக்குதலுக்கு உதவ முடியும்.

இரண்டாம் படி: எண்களை நிரப்புங்கள்

கதாபாத்திரத்தின் இனமாக வேரியன்ட் ஹ்யூமன் எடுத்தால் முதல் லெவலிலேயே ஒரு ஃபீட் (சிறப்புத் திறன்) கிடைக்கும். ஸ்ட்ரெங்த் (வலிமை) 16, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14, கரிஸ்மா (ஆளுமை) 14 என்று வையுங்கள். ஃபீட்டுக்கு இன்ஸ்பைரிங் லீடர். சண்டைக்கு முன் பத்து நிமிடம் பேசினால், உங்களையும் சேர்த்து ஆறு பேர் வரை, ஒவ்வொருவருக்கும் உங்கள் லெவலோடு கரிஸ்மா மாடிஃபையரை (14க்கு அது 2) கூட்டிய அளவு தற்காலிக ஹிட் பாயின்ட் (சேதத்தைத் தாங்கும் புள்ளி) கிடைக்கும். முதல் லெவலில் அது 3தான். ஆனால் ஏழோ எட்டோ ஹிட் பாயின்டுடன் நிற்கும் மந்திரவாதியான விஸார்டுக்கு அந்த மூன்று எவ்வளவு பெரிது என்று அவரையே கேட்டுப் பாருங்கள்!

மெனூவர்களில் கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக், மனூவரிங் அட்டாக், ராலி (கூட்டாளிக்குத் தற்காலிக ஹிட் பாயின்ட் தருவது) மூன்றையும் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: தற்காலிக ஹிட் பாயின்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடாது. காலையில் உரை நிகழ்த்திக் கொடுத்தது தீராமல் இருக்கும்போது ராலி செய்தால், இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

மூன்றாம் படி: மற்றவர்களின் தாளைப் படியுங்கள்

இதுதான் முக்கியம். புதியவர்கள் தங்கள் கதாபாத்திரத் தாளையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். தளபதியின் பலம் அடுத்தவர் தாளில் இருக்கிறது. யாருடைய ஒற்றை அடி பெரிது, யாருக்கு அடுத்தவர் முறையில் செய்யும் எதிர்வினையான ரியாக்‌ஷன் சும்மா இருக்கிறது, யார் சீக்கிரம் விழுவார் என்று மூன்றே கேள்விகளை ஒரு துண்டுத்தாளில் எழுதி, விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒரு சுற்று விளையாடிப் பார்ப்போம்

எல்லோரும் ஐந்தாம் லெவல். எதிரே ஓகர் என்ற அரக்கன், அதன் ஏசி (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 11, மிச்சம் 30 ஹிட் பாயின்ட். விஸார்டிடம் இருப்பது வெறும் 5. ஓகரின் தடி சராசரியாக 13 சேதம் கொடுக்கும், அதன் முறை அடுத்தது. இப்போது உங்கள் முறை.

ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு இரண்டு அடி. நான்காம் லெவலில் ஸ்ட்ரெங்தை 18 ஆக்கியிருப்பீர்கள். முதல் அடியை நீங்களே போடுங்கள்: டி20இல் (இருபது முகப் பகடை) 5 விழுகிறது, கூட உங்கள் தாக்குதல் போனஸ் 7 சேர்த்தால் 12, பட்டுவிட்டது. வாளின் டி8இல் 3, கூட ஸ்ட்ரெங்துக்கான 4. ஓகருக்கு மிச்சம் 23.

இரண்டாம் அடியை விட்டுக்கொடுத்து, போனஸ் ஆக்‌ஷனையும் ஒரு பகடையையும் செலவழித்து, கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக். "இடது விலாவில் திறந்திருக்கு, அடி!" என்று ரோகைப் பார்த்துக் கத்துகிறீர்கள். ரோக் தன் ரியாக்‌ஷனில் அம்பு விடுகிறார். பட்டுவிட்டது. வில்லின் டி6இல் 4, கூட 4, ஸ்னீக் அட்டாக்கின் (ரோகின் கூடுதல் சேதம்) மூன்று டி6இல் 2, 5, 3, உங்கள் டி8இல் 6. மொத்தம் 24. ஓகர் தன் முறை வருவதற்குள் சாய்ந்துவிட்டது.

கவனியுங்கள், ஸ்னீக் அட்டாக் சுற்றுக்கு ஒரு தடவை இல்லை, ஒவ்வொருவர் முறைக்கும் ஒரு தடவை. அதாவது ரோக் தன் முறையில் ஒன்று, உங்கள் முறையில் இன்னொன்று போடலாம். ஓகர் பக்கத்தில் நீங்கள் நிற்பதால் அதற்கான நிபந்தனையும் நிறைவேறிவிடுகிறது. உங்கள் வாள் தரும் சராசரி 8.5, அதே அடியை ரோகிடம் கொடுத்தால் 22.5.

இதற்கு விலையும் உண்டு. ஐந்தாம் லெவல் ரோக் ரியாக்‌ஷனை வைத்துத்தான் அன்கேனி டாட்ஜ் செய்து, வாங்கும் சேதத்தைப் பாதியாக்குவார். அவரை நான்கு பேர் சூழ்ந்திருக்கும்போது அந்த ரியாக்‌ஷனைப் பிடுங்காதீர்கள். மனூவரிங் அட்டாக்கும் கூட்டாளியின் ரியாக்‌ஷனைத்தான் கேட்கும், ஆனால் அவரைச் சிக்கலிலிருந்து நகர்த்த உதவும்: நீங்கள் அடித்த எதிரியிடம் ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகும்போது விழும் அடி) வாங்காமல், கூட்டாளி தன் பாதி வேகத்துக்கு நகர்ந்துவிடலாம்.

ஐந்தாம் படி: விழுந்தவரை எழுப்புங்கள்

தற்காலிக ஹிட் பாயின்ட் மயங்கிக் கிடப்பவரை எழுப்பாது. அதனால் இன்னொரு ஃபீட் கிடைக்கும்போது ஹீலர் எடுங்கள். மருத்துவப் பெட்டியை ஒரு தடவை பயன்படுத்தினால் 1டி6+4, கூடவே அவருடைய லெவல் அளவு திரும்பும். ஐந்தாம் லெவலில் 10 முதல் 15 வரை. ஒருவருக்கு ஒரு ரெஸ்ட்டுக்குள் ஒரு முறைதான்.

"வார்த்தையால் காயம் எப்படி ஆறும்?" என்று மேசையில் யாராவது கேட்பார்கள். ஹிட் பாயின்ட் வெறும் சதையும் ரத்தமும் இல்லை. மன உறுதி, வாழும் ஆசை, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. ஓடிக் களைத்தவர் தெரிந்த குரலைக் கேட்டு இன்னும் நூறு அடி ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை.

ஆறாம் படி: கட்டளை இடாதீர்கள், கேளுங்கள்

தளபதி என்பது கதைக்குள் மட்டும்தான். மேசையில் நீங்களும் ஒரு ஆட்டக்காரர். "நீ இதைச் செய்" என்று அடுத்தவர் முறையில் மூக்கை நுழைத்தால் இரண்டாவது செஷனுக்கு யாரும் வரமாட்டார்கள். "என்னிடம் ஒரு அடி இருக்கிறது, உனக்கு வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், சரி, நீங்களே அடியுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவரிடம் இந்தக் கேள்வி போகும்போது, அதுவரை பேசாமல் இருந்தவர் பகடையை எடுத்துக் குலுக்குவார்.

முதல் செஷனுக்கு முன் டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: ஃபீட்டும் வேரியன்ட் ஹ்யூமனும் அவருடைய மேசையில் அனுமதி உண்டா என்று. இரண்டுமே 2014 புத்தகத்தில் விருப்ப விதிகள். இல்லை என்றால் மூன்றாம் லெவல் வரை சாதாரண ஃபைட்டராக, எதிரியின் பக்கத்தில் நின்று கூட்டாளிகளுக்கு ஹெல்ப் ஆக்‌ஷன் கொடுத்துக்கொண்டிருங்கள்.