எல்லாப் பந்தும் நடுவிலிருந்தே வந்தது ஏன்?

நான் எழுதிய ஆண்ட்ராய்டு கேமில் பந்து வரும் பக்கத்தைக் காதால்தான் அறியவேண்டும். என் போனில் சரி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் பார்வையற்ற நண்பர் போனில் மட்டும் எல்லாப் பந்தும் நடுவிலிருந்தே வந்தது. கேமின் நிரலைத் துருவினேன், ஒலிக்கோப்புகளை மாற்றினேன், புது ஹெட்போன்கூட வாங்கினோம். நான்கு நாள் வீண்.

அப்புறம்தான் உறைத்தது. தெருவில் நடக்கையில் அவர் ஒரு காதில் மட்டும் இயர்போன் போடுவார். மறு காது வண்டிச் சத்தத்துக்கு. அதற்காகப் போனின் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புகளில் ‘மோனோ ஆடியோ’வை எப்போதோ போட்டுவைத்திருக்கிறார். அது இட, வல ஒலிகள் தனித்தனியே வரும் இரண்டு சேனலையும் கலந்து இரு காதுக்கும் ஒன்றையே அனுப்பும். அணைத்ததும் பந்து இடப்பக்கம் போனது. அப்பாடா!

ஆனால் வெளியே போனால் அவருக்கு மோனோ வேண்டுமே? இடப்பக்கப் பந்துக்குத் தாழ்ந்த சுருதி, வலப்பக்கத்துக்கு உயர்ந்தது என்று வைத்துவிட்டேன். இப்போது ஒற்றைக் காதிலேயே ஆடுகிறார்.