வேலூர்ப் பக்கம் ராத்திரி கார் ஓட்டுகிறீர்களா? லைட்டைக் கையால் போடுங்கள்

கனடாவிலும் ஐரோப்பாவிலும் பல வருஷம் ஓட்டியவர்களுக்கு லைட் சுவிட்சைத் தொடும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். இருட்டினால் காரே போட்டுக்கொள்ளும். ஊரில் வாடகைக்கோ சொந்தக்காரர்களிடமோ வாங்கும் வண்டியில் அந்த ஆட்டோ வசதி இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், முன்னால் ஓட்டியவரோ வாட்டர் சர்வீஸ் செய்தவரோ சுவிட்சை ஆஃபில் திருகி வைத்திருக்கலாம்.

லைட் எரியவில்லை என்பது டவுனுக்குள் தெரியவே தெரியாது. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் கடை வெளிச்சமே போதும். டிஜிட்டல் மீட்டர் பகலிலும் பளிச்சென்று இருக்கும். முன்பக்கம் டிஆர்எல் பட்டை (பகலிலும் தானாக எரியும் விளக்கு) எரிவதால் எதிர்ச்சுவரிலும் லேசாக வெளிச்சம் விழும். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் டிஆர்எல் எரியும்போது டெயில் லைட் எரியாது. அதே நிலையில் என்எச் 48-இல் ஏறி, பள்ளிகொண்டா பக்கம் தெருவிளக்கு முடிந்த இடத்தைத் தாண்டினால், பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் கார் தெரியாது. பிரேக் மிதித்தால்தான் சிவப்பு தெரியும். அதற்குள் அவர் நெருங்கியிருப்பார்.

இன்னொன்று, அந்தி. லண்டனில் ஜூலை மாதம் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். இங்கே அதே ஜூலையில் ஆறரை மணி வாக்கில் சூரியன் மறைந்தால் அரை மணிக்குள் கும்மிருட்டு. 1989 மோட்டார் வாகன விதிகள் சூரியன் மறைந்து அரை மணி வரை அவகாசம் தருகின்றன. அதை எதிர்பார்க்காதீர்கள், ஆறு மணிக்கே போட்டுவிடுங்கள்.

சுவிட்ச் இருக்கும் இடமும் மாறும். இங்கே ஓடும் பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டரும் லைட்டும் ஸ்டியரிங்குக்கு வலதுபக்கக் கம்பியில், வைப்பர் இடதுபக்கம். பழக்கத்தில் இடதுகை போனால் வைப்பர்தான் ஓடும். வலதுகம்பியின் நுனியைத் திருகினால் முதலில் பார்க்கிங் லைட், அடுத்து ஹெட்லைட். ஆட்டோ நிலை இருந்தாலும் அதைத் தாண்டி ஹெட்லைட்டுக்கே கொண்டுபோங்கள். மீட்டரில் பச்சை விளக்குக்குறி வரவேண்டும். நீலம் வந்தால் பிரைட்டில் இருக்கிறது, டிம் செய்யுங்கள்.

கிளம்புமுன் ஒரு சுவர்ச் சோதனை. காரைச் சுவருக்கு இரண்டு மீட்டரில் நிறுத்தினால் இரண்டு வெளிச்ச வட்டம் தனித்தனியாகத் தெரியவேண்டும். பிறகு பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். ரிவர்ஸிலேயே விட்டால் வெள்ளை வெளிச்சம் சிவப்பை மறைத்துவிடும். காலை எடுக்காவிட்டால் தெரிவது டெயில் லைட் இல்லை, பிரேக் லைட்.

கண்ணமங்கலம், போளூர் சாலையில் கரும்பு டிராக்டர் டிரெய்லர்கள் பின்லைட் இல்லாமல் போகும். உங்கள் ஹெட்லைட் பட்டால்தான் அவை கண்ணுக்கே தெரியும். எதிரே வருபவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினால் லைட்டைப் பார்க்கச் சொல்கிறார். வெறும் ஃபிளாஷ் அடித்தால் "நான் வருகிறேன், நில்" என்றே பெரும்பாலும் பொருள். வெளிநாட்டில்போல வழிவிடுகிறார் என்று நினைத்து நுழையாதீர்கள். எதுவானாலும் முதலில் உங்கள் பச்சைக்குறியைப் பாருங்கள்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி இறங்கினால் ஆட்டோ சென்சாரை நம்பவே முடியாது. பனி வெள்ளையாக இருப்பதால் அதற்குப் பகலாகத் தோன்றும், லைட் போடாது. டிம்மில் வைத்து ஓட்டுங்கள். பிரைட் போட்டால் பனிச்சுவர் கண்ணில் அடிக்கும்.

ஹைவேயில் லைட் ஆஃபில் இருந்தது தெரிந்தால் பதற்றத்தில் பிரேக் அடிக்காதீர்கள். கம்பியைத் திருகினால் போதும். திருகியும் எரியவில்லையென்றால் ஹஸார்ட் (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போட்டு, இடதுபக்க வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஒதுங்குங்கள். எல்லோரும் இறங்கித் தடுப்புக்கம்பிக்கு அப்பால் நின்றுகொண்டு 1033-ஐ அழையுங்கள். அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண். முன்னால் போகும் லாரியின் வெளிச்சத்தை ஒட்டிக்கொண்டு அடுத்த டோல்கேட்வரை போய்விடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.