உங்கள் பெயரில் இன்னொருவர் கிரெடிட் கார்டு வாங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கார்டு தொலைந்தால் பதறிப்போய் உடனே பிளாக் செய்துவிடுவோம். நமக்குத் தெரியாமலே நடக்கிற திருட்டு ஒன்று இருக்கிறது: உங்கள் பான் எண், ஆதார் நகல், ஒரு போட்டோ, இவற்றை வைத்து உங்கள் பெயரில் வேறு யாரோ கிரெடிட் கார்டு வாங்கிவிடுவது. ஸ்டேட்மென்ட் அவர் கொடுத்த முகவரிக்குப் போகும், எஸ்எம்எஸ் அவர் கொடுத்த நம்பருக்குப் போகும். வசூல் ஏஜென்ட் போன் செய்யும்போதோ, வீட்டுக் கடன் கேட்டுப்போய் சிபில் ஸ்கோர் சரியில்லை என்று திரும்பி வரும்போதோதான் உங்களுக்கு விஷயமே தெரியவரும்.

அதனால் முதலில் உங்கள் பெயரில் உள்ள கடன், கார்டு எல்லாவற்றின் பட்டியலான கிரெடிட் ரிப்போர்ட்டை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இதைத் தரும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்க ஒரு கண் இருக்கும். ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நீங்கள் வாங்காத கார்டோ கடனோ இருக்கிறதா, உங்களுடையது அல்லாத போன் நம்பரோ முகவரியோ ஏறியிருக்கிறதா, 'என்கொயரி' பகுதியில் நீங்கள் விண்ணப்பிக்காத வங்கியின் பெயர் தெரிகிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். என்கொயரியை நான் முக்கியமாகச் சொல்வேன், ஏனென்றால் வங்கி உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டதுமே அது பதிவாகிவிடும், கார்டு அச்சாவதற்கு முன்பே தடுக்க வாய்ப்பு உண்டு. தப்பு இருந்தால் அந்த நிறுவனத்திடமும் வங்கியிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். ஏஜென்ட் "கொஞ்சம் கட்டி செட்டில் பண்ணிடுங்க" என்பார். நீங்கள் வாங்காத கடனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சரி, இந்த நகல்கள் எங்கிருந்து போகின்றன? பல வழி உண்டு, அதில் நாமே திறந்துவைக்கிற வழி ஜெராக்ஸ் கடை. ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம், கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்தத் தெருவில் பாதிப் பேரின் ஆதாரும் பானும் அப்படியே கிடக்கின்றன. பிரிண்ட் வந்ததும் "அண்ணா, அந்த ஃபைலை டெலிட் பண்ணிடுங்க" என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், முடிந்த இடத்திலெல்லாம் அதையே கொடுங்கள். நகலில் ஓரமாகக் கையெழுத்துப் போட்டால் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். எழுத்துகளின் மேலேயே குறுக்காக, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்புறம், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே ரிப்போர்ட் செய்யுங்கள்.

கையில் இருக்கும் கார்டுக்கு வருவோம். ஆன்லைன், வெளிநாடு, கார்டை மெஷினில் காட்டி டேப் செய்து கட்டுவது என ஒவ்வொன்றையும் நீங்களே ஆன், ஆஃப் செய்ய வங்கிகள் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-இலேயே சொல்லிவிட்டது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இன்றே ஆஃப் செய்யுங்கள், வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே பணம் போய்விடும். டேப் செய்தால் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது, அந்த லிமிட்டையும் குறைத்துவையுங்கள். அப்பா அம்மாவிடம் கார்டு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் நீங்களே செய்துகொடுங்கள்.

ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் முழு எஸ்எம்எஸ்ஸையும் படியுங்கள். "ரிவார்ட் பாயின்ட் இன்றோடு முடிகிறது" என்று ஒருவர் போனில் அவசரப்படுத்திக்கொண்டிருப்பார், எஸ்எம்எஸ்ஸில் ஏதோ ஒரு கடைக்கு 48,000 ரூபாய் என்று இருக்கும். பணம் வருவதற்கு ஓடிபி எதற்கு? போனை வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வங்கியின் பெயரில் வரும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) தொடவே வேண்டாம். போனில் திடீரென்று சிக்னல் போய் வெகுநேரம் வராவிட்டால், உங்கள் நம்பருக்கு வேறு யாரோ புது சிம் வாங்கிவிட்டார்களா என்று சிம் கம்பெனியிடம் உடனே கேளுங்கள்.

பணம் போய்விட்டதா? முதலில் ஆப்பில் கார்டை பிளாக் செய்யுங்கள், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். 2017-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, உங்கள் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை. சொன்ன நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகத் திருப்பி வரவு வைக்க வேண்டும், தப்பு உங்களுடையது என்று நிரூபிப்பதும் வங்கியின் பொறுப்பு. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் நஷ்டம், அதற்குப் பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ தந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) ஆன்லைனிலேயே இலவசமாகப் புகார் செய்யலாம், விவரம் கேட்க 14448.