மேடை ஏறும் முன் ஒரு கட்டிங்: ஆட்டத் தொழிலில் குடியை நிறுத்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

காங்கேயம் பக்கம் ஒரு ஊரில் மாரியம்மன் நோம்பி. மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய மறைப்பு, ஒரு டியூப் லைட், அதைச் சுற்றி ஈசல். முகம் பார்க்க வேனின் சைடு கண்ணாடிதான். ஒரு கையில் லிப்ஸ்டிக், இன்னொரு கையில் பேப்பர் கப். கப்பில் பாதி பிராந்தி, பாதி கலர் சோடா. குடியை நிறுத்தும் முன் ஆடல் பாடல் குழுவில் ஆடிய ஒன்பது வருசத்தில், நான் அந்தக் கப் இல்லாமல் மேடை ஏறிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நிறுத்தி இது ஆறாவது பங்குனி. அதற்கு முன் மூன்று தடவை நிறுத்திப் பார்த்து மூன்று தடவையும் தோற்றேன். கோயமுத்தூர் ஹோட்டல் பார்ட்டிகளில் ஆடப் போகும் பிள்ளைகளும், செட்டில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இப்போது என்னிடம் வந்து "அக்கா, எப்படி விட்டீங்க?" என்று கேட்கிறார்கள். எப்படி விட்டேன் என்பதைவிட ஏன் விட முடியாமல் போனது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

"வேலைக்கு மட்டும்தான்"

வீட்டில் நான் தொட்டதே இல்லை. கல்யாணம், காதுகுத்து எதிலும் தொட்டதில்லை. அதனால் நான் குடிக்கிற ஆள் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். மாசியில் தொடங்கி வைகாசி முடியும்வரை மாதத்துக்கு இருபது ராத்திரி வேலை இருக்கும் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்கைச் சரியாகப் போட்டுப் பாருங்கள். குவாட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, ரம் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது ஒரு குவாட்டருக்குள் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். கட்டிங் என்றால் அதில் பாதி. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கரைக்கும். ஒன்பது மணிக்கு ஒரு கட்டிங், இடைவேளையில் இன்னொன்று என்று போனால், விடிகாலை நான்கு மணிக்கு வேனில் தூங்கி வரும்போதும் அது உடம்பில் மிச்சம் இருக்கலாம். பெண்களுக்கு உடம்பில் நீரின் பங்கு குறைவு. கூட ஆடும் ஆண் குடித்த அதே அளவைக் குடித்தாலும் நம் ரத்தத்தில் அது கூடுதலாக ஏறும், கல்லீரலும் சீக்கிரம் கெடும். "அவனும் அதேதானே குடிச்சான்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

மழைக்காலத்தில் நிறுத்துவது

என் முதல் தோல்வி இது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் எங்களுக்கு புக்கிங் இருக்காது. அந்த நாற்பது நாள் ஒரு சொட்டு தொடவில்லை, கஷ்டமாகவும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தை மாதம் முதல் ப்ரோக்ராம். பேன்கேக் மேக்கப் டப்பாவைத் திறந்த வாசனை, மைக்காரர் "ஹலோ, செக், செக்" என்று சொன்ன சத்தம், அவ்வளவுதான். கை தானாக கப்பைத் தேடியது.

என் குடி வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை இல்லாதபோது அது இல்லாமல் இருந்ததில் என் திறமை ஒன்றுமில்லை. எங்கே குடித்தோமோ அங்கே, அந்த நேரத்தில், அந்த வாசனைக்கு நடுவில் குடிக்காமல் இருந்து பழகினால்தான் நிறுத்தியதாக அர்த்தம்.

மாலை போடுகிறவர்கள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். எங்கள் செட்டில் சவுண்ட் பார்க்கிறவர்கள் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள், இல்லையென்றால் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பார்கள். விரதம் முடியும்வரை சுத்தமாக இருப்பார்கள். மாலையைக் கழற்றிய அன்று பொழுதோட ஒரு கூட்டம் போடுவார்கள். விரதத்தைக் குறை சொல்லவில்லை. கழற்றும் நாளை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்துவது

இந்த ஒரு தவறு ஆளையே கொல்லும் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு ரிதம் பேட் வாசிக்கும் அண்ணன் காலையிலேயே ஆரம்பிக்கிறவர். மகளுக்கு சீர் நடந்த அன்று, கோயிலில் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொண்டார். மறுநாள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமில்லை. "ஒரு கட்டிங் போட்டா நின்னுரும்" என்றார்கள், அவர் பிடிவாதமாக மாட்டேன் என்றுவிட்டார். எல்லோரும் மெச்சினோம். மூன்றாம் நாள் ராத்திரி சுவரைத் தட்டித் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். "செவுத்துல பூரா எறும்பு ஊருது, துணி கொண்டாங்க" என்றார். சுவரில் ஒன்றுமில்லை. 108-க்குக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நீண்ட நாள், நிறைய, தினமும் குடித்த உடம்பில் சரக்கு திடீரென்று நின்றால், ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கிவிடலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதது தெரிவது, நாள் கிழமை மறப்பது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் வரலாம். மன உறுதி இருக்கிறதா இல்லையா என்று உடம்பு பார்ப்பதில்லை. டாக்டர்கள் இதற்கு மாத்திரையைக் கணக்காகக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 சத்தை ஊசியாகப் போடுவார்கள். "ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பாயிரும்" என்று பக்கத்து கிளினிக்குக்கு ஓடுகிறவர்கள், தினமும் குடித்த ஆள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பி1 இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம். அதேபோல தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதன் மேல் சரக்கும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

காலையில் எழுந்ததும் கை நடுங்கினால், அல்லது முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், வீட்டில் வைத்து முயற்சி செய்யவே வேண்டாம். கோவை, பெருந்துறை, சேலம், கரூர் என்று நம் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446-க்குக் கூப்பிடலாம், அது போதை மீட்புக்கான கட்டணமில்லாத எண். மனசு சரியில்லை என்றால் 14416.

தெரியாமல் கலந்து கொடுப்பது

இது வீட்டுக்காரர்கள் செய்யும் தவறு. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர் யார்? அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறதென்று விற்கிறவருக்கே தெரியுமோ என்னவோ. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்மையிலேயே உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கிவிடும். இதயம் பலவீனமானவருக்கு உயிர் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட அந்த எதிர்வினை வரும். அதனால்தான் டாக்டர்கள் ஆளுக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்கிறார்கள். விஷயம் தெரியாமல் மேடைக்குப் பின்னால் கட்டிங் போடுகிற ஆளை நினைத்துப் பாருங்கள்.

பொய் சொல்லித் தப்பிப்பது

இரண்டாவது முறை நான் தோற்றது இதில். விழாக் கமிட்டியில் ஒருவர் கட்டாயம் வருவார்.

"ஏனுங் அம்மணி, உங்களுக்குன்னே தனியா வாங்கி வெச்சிருக்கறமுங்க."

"இன்னைக்கு மாத்திரை சாப்பிடறனுங்ணா, வேண்டாமுங்க."

அந்த ராத்திரி தப்பித்தேன். அடுத்த மாதம் அதே ஆள் பக்கத்து ஊரில் நின்று, "மாத்திரை முடிஞ்சுதுங்களா?" என்று சிரித்தபடி கேட்கிறார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்வது ஆட்டத்தைவிடக் களைப்பான வேலை. மூன்றாவது மாதம் வாங்கிக் குடித்துவிட்டேன்.

நான்காவது முறை, கமிட்டிக்காரரிடம் பேசுவதற்கு முன் மேனேஜர் அண்ணனிடம் பேசினேன். எங்கள் தொழிலில் சரக்கு பாதிக் கூலி மாதிரி. சாப்பாடு, பேட்டா, பாட்டில் என்று சேர்த்தே பேசுவார்கள். "என் பங்குக்குப் பாட்டில் வேண்டாமுங்ணா, அதுக்குக் காசாக் குடுத்துருங்க" என்றேன். கொஞ்சம் முனகினார், சம்மதித்தார். அப்புறம் அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். ஆடல் பாடலுக்கு ஹைகோர்ட் அனுமதி கொடுக்கும்போது போடும் வழக்கமான நிபந்தனைகளில், ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு, கட்சிப் பாட்டு கூடாது என்பதோடு, நிகழ்ச்சியில் கலந்துகொள்கிறவர்கள் மது அருந்தக் கூடாது என்பதும் வரும். அத்தனை வருசமும் அந்தத் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் அவரும் குடித்தார், நாங்களும் குடித்தோம். இப்போது கமிட்டிக்காரர் கிளாஸை நீட்டினால், "கோர்ட் ஆர்டருங்க, போலீஸ்காரரு அங்கதான் நிக்கறாரு" என்று அதே தாளை எடுத்து நீட்டிவிடுகிறார்.

இன்னொன்று, நிறுத்திய முதல் ஆறு மாதம் அட்வான்ஸ் வாங்காதீர்கள். கைநீட்டி வாங்கிவிட்டால், போகக் கூடாத இடத்துக்கும் "முடியாது" என்று சொல்ல வாய் வராது.

இடத்தைக் காலியாக விடுவது

மூன்றாவது முறை எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் குடி எனக்கு என்னென்ன வேலை செய்து கொடுத்தது என்று யோசிக்கவில்லை.

குடிக்காமல் ஏறிய முதல் ராத்திரி எனக்கு முதல் வரிசை தெரிந்தது. அதுவரை வெறும் தலைகள்தான். அன்றைக்கு முகங்கள். ஒரு பாட்டி வெற்றிலை மென்றுகொண்டு பார்க்கிறார், என் அமுச்சி வயசு. ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். நூறு தடவைக்கு மேல் ஆடிய பாட்டில் இரண்டாவது சரணத்து ஸ்டெப் மறந்துபோனது. ரூபாய் நோட்டை என் உடையில் குத்துவதற்கு ஒருவர் மேடை ஏறி வந்தார். அவர் கை எங்கே வருகிறது என்பது முழுசாகத் தெரிந்தது. கீழே இறங்கி நேராகப் போய்க் குடித்தேன்.

பிறகுதான் உட்கார்ந்து எழுதினேன். வெட்கத்தை மறைத்தது. மார்கழிக் குளிரை மறைத்தது. கணுக்கால் வலியை மறைத்தது. பாட்டுக்குப் பாட்டு நடுவில் காத்திருக்கும் சலிப்பைப் போக்கியது. நோட்டுக் குத்துகிறவர்களைச் சகிக்க வைத்தது. இந்த ஐந்துக்கும் தனித்தனியாக வழி தேட வேண்டியிருந்தது.

வெட்கத்துக்கு: மூன்று மாதம் டூயட் வேண்டாம் என்று சொல்லி, முதலில் வரும் சாமி பாட்டிலும் குரூப்பிலும் மட்டும் நின்றேன். அந்த நேரம் கூட்டத்தில் குழந்தைகளும் பெண்களும்தான் முன்னால் இருப்பார்கள், பார்வை வேறு மாதிரி இருக்கும். வலிக்கு: வலிதான் உண்மையைச் சொன்னது. கணுக்காலில் தசைநார் பாதி கிழிந்திருப்பதை எலும்பு டாக்டர் காட்டினார். சரக்கின் மரப்பில் அதன் மேலேயே ஒரு சீசன் முழுக்கக் குதித்திருக்கிறேன். இப்போது ஏறும் முன் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறேன். நோட்டுக் குத்துகிறவர்களுக்கு மட்டும் பழகிக்கொள்ளவில்லை. மேனேஜர் மேடை ஓரத்தில் ஒரு தட்டு வைத்துவிட்டார், காசு அதில்தான். வருமானம் குறைந்தது, உண்மைதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அரிசியும் பருப்பும் சாதம், தட்டு நிறைய. வெறும் வயிற்றில் ஏறினால் நடுக்கமும் படபடப்பும் சரக்கு கேட்பது போலவே இருக்கும். குடிக்க நீர்மோர். தெளுவு, அதாவது பதநீர் என்றால் காலையிலேயே குடித்துவிடுங்கள். சுண்ணாம்பு சரியாகப் பூசாத கலயமாக இருந்தால் மத்தியானத்துக்குள் புளித்துக் கள்ளாகிவிடும். கலர் வேண்டவே வேண்டாம். பிராந்திக்கு அதைத்தானே ஊற்றினோம், நாக்குக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஒரு வருசம் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாலே தாகம் எடுத்தது.

ஹோட்டல் பார்ட்டியில் ஆடுகிறவர்கள் எனர்ஜி டிரிங்க் பக்கம் போகிறார்கள். அது சரக்கு கேட்கும் இடத்தை நிரப்பாது, தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

தனியாகவே சமாளிப்பது

ஆண் குடித்தால் குடிகாரன் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆடுகிற பெண் குடித்தால் அதற்கு மேலும் பத்து பெயர் வைப்பார்கள். அதற்குப் பயந்தே நம்மில் பலர் ஆஸ்பத்திரி வாசல் மிதிப்பதில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு நான் முதலில் போனபோது அங்கே நான் ஒருத்திதான் பெண். ஊர் கேட்கவில்லை, தொழில் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது இது. அங்கே சொல்லும் "இன்னைக்கு ஒரு நாள்" என்ற பேச்சை நான் "இந்த ஒரு மேடை" என்று மாற்றிக்கொண்டேன். ஐந்தாவது மாதம் ஒரு தடவை சறுக்கினேன். மறுநாளே போய்ச் சொன்னேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, டீ கொடுத்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியது போலாகும். ப்ரோக்ராமுக்கு முந்தைய நேரத்தைவிட முடிந்த பிறகுதான் கஷ்டம். உடம்பு துள்ளிக்கொண்டே இருக்கும், தூக்கம் வராது. டாஸ்மாக் பத்து மணிக்கே மூடியிருந்தாலும் எங்கே பிளாக்கில் கிடைக்கும் என்று டிரைவருக்குத் தெரியும். வெள்ளகோவில் தாண்டி வேன் ஓரங்கட்டும்போது மற்றவர்கள் இறங்குவார்கள். நான் இறங்குவதில்லை. பேட் வாசிக்கும் அண்ணனும் இறங்குவதில்லை. பேக்கரியில் முன்பே வாங்கி வைத்த தேங்காய் பன்னைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் நீட்டி, "எறும்பு மொய்க்கறதுக்குள்ள தின்னு அம்மணி" என்பார்.